கேஸ் இல்லையா, டெஸ்ட் இல்லையா? குமரி மாவட்டத்தாருக்கான கொரோனா கேள்வி பதில்

களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. மூன்று அலைகளைப் பார்த்த பிறகும் கேள்விகள் மாறவில்லை, சலிப்புதான் கூடியிருக்கிறது. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை விலக்கிக்கொண்டது. கிருமி விலகவில்லை, அவ்வப்போது தலைகாட்டுகிறது. அப்போதெல்லாம் பரிசோதனை குறைவாகவும் கூட்டம் அதிகமாகவும் இருப்பதுதான் நம் ஊர் வழக்கம்.

எங்க பஞ்சாயத்துல ஒரு கேஸ்கூட இல்லேன்னு சொல்லுதாங்க. பின்ன எதுக்கு மாஸ்க்?

எத்தனை பேருக்கு டெஸ்ட் எடுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். பத்துப் பேருக்குக்கூட எடுக்காத பஞ்சாயத்தில் கேஸ் இருக்காதுதான்.

2020இல் இந்தியா கைக்கொண்ட அளவுகோல், பத்து லட்சம் மக்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 140 டெஸ்ட். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்ட மக்கள்தொகை 18,70,374. பெருக்கிப் பார்த்தால் ஒரு நாளைக்குச் சுமார் 262 டெஸ்ட் வருகிறது. பரவல் இருக்கும் காலத்தில் இதற்குக் கீழே போனால், அன்றைய கேஸ் எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது பாசிட்டிவ் சதவீதம். ஒரு நாள் 300 டெஸ்ட் எடுத்து 9 பேருக்குத் தொற்று என்றால் 3 சதவீதம். இன்னொரு நாள் 30 டெஸ்ட் எடுத்து 6 பேருக்கு என்றால் 20 சதவீதம். செய்தியில் "தொற்று 9இலிருந்து 6ஆகக் குறைந்தது" என்று வரும். உண்மையில் நிலைமை மோசமாகியிருக்கிறது. தொடர்ந்து இரண்டு வாரம் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் பரவல் கட்டுக்குள் இருப்பதாகக் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் சொன்னது. அதிலும் போதிய அளவு டெஸ்ட் எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனையை மட்டும் எல்லாரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இந்தச் சதவீதத்திலும் ஓட்டைகள் உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டாம் முறை எடுத்ததும் கணக்கில் சேர்ந்தால் சதவீதம் குறைந்து தெரியும். அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுக்கும் வழக்கமான டெஸ்டுகள் சேர்ந்தாலும் அப்படியே. வீட்டில் கிட் வைத்துப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டெஸ்ட் எடுப்பது குறையும் என்பதால் அடுத்த நாள் எண் எப்போதும் இறங்கித்தான் தெரியும். ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு ஏழு நாள் சராசரியைப் பாருங்கள்.

எல்லாம் கேரளாவுல இருந்துதானே வருது?

எல்லை தாண்டி வருவது உண்மை. கேரளப் பக்கத்துப் பாறசாலைக்கும் நம் களியக்காவிளைக்கும் நடுவே தினமும் போய்வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போவது நம் ஊரில் பழைய வழக்கம். ஜேஎன்.1 என்ற திரிபு இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதும் பக்கத்துத் திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான், 2023 டிசம்பரில்.

ஆனால் "கண்டறியப்பட்டது" என்றால் அங்கே தேடியிருக்கிறார்கள் என்று பொருள். 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய நான்காவது தேசிய ரத்த ஆய்வில், எதிர்ப்பாற்றல் உருவாகியிருந்தவர்கள் கேரளத்தில் 44.4 சதவீதம், தமிழ்நாட்டில் 69.2 சதவீதம். அதே காலத்தில் நாட்டிலேயே மிக அதிகமாகத் தினசரிக் கேஸ் காட்டிய மாநிலம் கேரளம். அவர்களுக்கு வந்தது குறைவு, கண்டுபிடித்தது அதிகம். இங்கே அது தலைகீழ். செக்போஸ்ட்டில் வெப்பமானி நீட்டுவதைவிட ஊருக்குள் காய்ச்சல்காரர்களுக்கு டெஸ்ட் எடுப்பதுதான் பலன் தரும்.

நேத்து பார்த்த ஆளுக்கு இன்னைக்கு பாசிட்டிவ். நான் உடனே எடுக்கணுமா?

உடனே எடுத்தால் அநேகமாக நெகட்டிவ்தான் வரும். கிருமி தொண்டையிலும் மூக்கிலும் பெருக நாள் வேண்டும். அறிகுறி இல்லையென்றால், பழகிய நாளிலிருந்து ஐந்தாம் நாள் எடுங்கள். அறிகுறி வந்துவிட்டால் அன்றே எடுங்கள். அது கிட்டாக இருந்து நெகட்டிவ் காட்டினால் 48 மணி நேரம் கழித்து மறுபடி, அல்லது நேரடியாக ஆய்வகத்தில் பார்க்கும் ஆர்டிபிசிஆர் டெஸ்ட்.

இடைப்பட்ட நாட்களில் என்ன செய்வது என்பதில்தான் ஊரே தவறுகிறது. அறிகுறி வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் பரப்ப முடியும். "எனக்கு ஒண்ணும் இல்லியே" என்று சொல்லும் அந்த இரண்டு நாளில்தான் பால்காய்ச்சு, நிச்சயதார்த்தம், சர்ச் அன்பியக் கூட்டம், குழு லோன் கூட்டம் எல்லாம் நடந்து முடிகிறது. டெஸ்ட் எடுக்கும் நாள்வரை மூடிய இடத்தில் என்95 மாஸ்க், வயதானவர்களோடு தனிச் சாப்பாடு. இவ்வளவு போதும்.

வீட்டு கிட்டுல என்ன தப்பு நடக்குது?

நிறைய. 2021இல் 250 ரூபாய்க்கு வந்த முதல் இந்திய வீட்டு கிட்டிலிருந்து இன்றுவரை தவறுகள் ஒன்றுதான்.

கிட்டை 2 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் அரை நாள் கிடந்த கிட்டை நம்பாதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகு பிரியுங்கள். அலுமினியப் பையைப் பிரித்ததும் உடனே பயன்படுத்த வேண்டும். நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் திறந்து கிடந்தால் பட்டை கெட்டுவிடும்.

முதலில் மூக்கைச் சிந்திவிட்டுக் கை கழுவுங்கள். குச்சியை ஒரு துவாரத்தில் 2 முதல் 4 செ.மீ. உள்ளே விட்டு, பக்கச் சுவரில் உரசும்படி ஐந்து முறை சுழற்றுங்கள். அதே குச்சியால் அடுத்த துவாரத்திலும் ஐந்து முறை. பெரும்பாலோர் முனையை மட்டும் நனைத்துவிட்டு எடுத்துவிடுகிறார்கள். நெகட்டிவ் வராமல் என்ன செய்யும்? குழாயில் இருக்கும் திரவத்தில் குச்சியை நன்றாகக் கசக்கிப் பிழிந்து, சொன்ன எண்ணிக்கையில் மட்டும் சொட்டு விடுங்கள். பல கிட்டுகளில் இரண்டு சொட்டு. கூடுதலாகவிட்டால் வெள்ளம்போல் ஓடி கோடு சரியாக விழாது.

15 நிமிடத்தில் பாருங்கள். 20 நிமிடத்துக்குப் பிறகு தெரியும் மங்கல் கோட்டுக்கு மதிப்பில்லை. பட்டையில் சி (சரிபார்ப்பு), டி (டெஸ்ட்) இரண்டிலும் கோடு இருந்தால் பாசிட்டிவ், டி கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் சரி. சி கோடு விழவில்லையென்றால் கிட் செல்லாது. கிட்டுக்குக் கிட் சின்ன வேறுபாடு உண்டு, பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கிட்டில் பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். நெகட்டிவ் வந்தால் அப்படி நம்ப முடியாது. 2020 ஜூனில் ஐசிஎம்ஆர் முதல் ஆன்டிஜென் கிட்டை (வீட்டு கிட்டும் இந்த வகைதான்) அனுமதித்தபோதே, அது பாதித்தவர்களில் 50.6 முதல் 84 சதவீதம் பேரைத்தான் பிடிக்கிறது என்று சொல்லி, அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால் ஆர்டிபிசிஆர் கட்டாயம் என்றது. அந்தக் காலத்தில் தமிழ்நாடு ஆன்டிஜெனை நம்பாமல் ஆர்டிபிசிஆர் மட்டுமே எடுத்தது சரியான முடிவு.

ஆர்டிபிசிஆர்னா தப்பே வராதா?

வரும், ஆனால் பெரும்பாலும் மெஷினில் இல்லை. மாதிரி எடுக்கும் இடத்தில். ஆழமாக எடுக்காத மாதிரி, பெயர் மாறிய குழாய், தெர்மக்கோல் பெட்டியில் உருகிப்போன ஐஸ் பேக். மாதிரியை 2 முதல் 8 டிகிரியில் வைத்து ஆய்வகம் கொண்டுசேர்க்க வேண்டும். மலையோர ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு வர நேரமாகும். ஆகவே முடிந்தால் காலையிலேயே போய்க் கொடுங்கள். தொண்டையில் எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து சாப்பிடவோ வெற்றிலை போடவோ வேண்டாம். செல்போன் எண்ணை எழுதுகிறவரிடம் இரண்டு முறை சொல்லுங்கள். ஒரு எண் மாறினால் முடிவு எங்கோ போகும், நீங்கள் "கூப்பிடலியே, அப்ப நெகட்டிவ்தான்" என்று கல்யாணத்துக்குக் கிளம்பிவிடுவீர்கள்.

ஆர்டிபிசிஆர் முடிவில் சிடி என்று ஒரு எண் இருக்கும், கிருமி தென்பட மெஷின் எத்தனை சுற்று ஓட வேண்டியிருந்தது என்ற கணக்கு அது. சிடி அளவு 35 அல்லது அதற்குக் கீழ் என்றால் பாசிட்டிவ் என்பது ஐசிஎம்ஆர் வரம்பு. எண் குறையக் குறைய மாதிரியில் கிருமி அதிகம், ஏறத்தாழ 3.3 குறைந்தால் பத்து மடங்கு கூடுதல். அதை வைத்து நோய் கடுமையாகுமா என்று ஜோசியம் சொல்ல முடியாது.

டெஸ்ட் எடுத்து பாசிட்டிவ்னா ஒரு வாரக் கூலி போயிரும். யாரு தருவா?

மாவட்டத்தில் டெஸ்ட் குறைவதற்கு மிகப் பெரிய காரணம் இதுதான். அறியாமை என்று மேடையில் பேசுகிறவர்கள் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். அண்டி ஆபீஸில் (முந்திரித் தொழிற்சாலையில்) உடைப்புக் கூலிக்கு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவருக்கும் ஏழு நாள் என்றால் ஏழு நாள் வருமானம் இல்லை. அவர்கள் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வருவதைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதலாளி செய்யக்கூடியது உண்டு. காய்ச்சலோடு வந்தவரைத் திருப்பி அனுப்பும்போது பாதிக் கூலியாவது கொடுப்பது, அவருக்குப் பிறகு அந்த நாட்களை ஓவர்டைமில் ஈடுகட்ட விடுவது, ஷெட்டின் இருபக்க ஜன்னலையும் திறந்து வைப்பது. ஒருவர் வந்து பத்துப் பேர் விழுந்தால் ஷெட் நிற்கும், அந்தக் கணக்கு முதலாளிக்குப் புரியும். ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு உள்ள தொழிலாளர் சந்தா நாள் நிபந்தனையை நிறைவு செய்திருந்தால், டாக்டர் சான்றிதழ் கொடுத்து நோய்க்கால உதவித்தொகை கேட்கலாம். அது கூலியில் 70 சதவீதம். பலர் அட்டை வைத்துக்கொண்டே கேட்பதில்லை.

கல்யாணக் கூட்டத்தைக் குறைக்க முடியாது. வேற என்ன செய்யலாம்?

2022 ஜனவரியில் கல்யாணத்துக்கு 100 பேர், துக்கத்துக்கு 50 பேர் என்று அரசு வரம்பு வைத்தது. 100 என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஐந்து பந்தி ஓடிய கதை எல்லாருக்கும் தெரியும். இப்போது அந்த வரம்பும் இல்லை. சரி, கூட்டம் வரும் என்றே வைத்துக்கொள்வோம்.

தாலி கட்டும் இடத்தில் ஆபத்து குறைவு. பத்து நிமிடம், பெரும்பாலும் எல்லாரும் வாயை மூடி உட்கார்ந்திருப்பார்கள். ஆபத்து பந்தியில். நாஞ்சில் நாட்டுச் சாப்பாடு பருப்பு, நெய், சாம்பார், புளிசேரி, ரசம், பாயசம், பப்படம், பழம் என்று போய் முடிய அரை மணி நேரம் ஆகும். தோளோடு தோள் இடிக்க, மாஸ்க் இல்லாமல், சத்தமாகப் பேசிக்கொண்டு. போதாததற்கு அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்று, கையை நாற்காலி முதுகில் வைத்துக்கொண்டு, உங்கள் தலைக்கு மேலே செல்போனில் பேசுவார். இந்த ஒரு பழக்கத்தை வாசலில் இரண்டு இளவட்டங்களை நிறுத்தித் தடுத்தாலே பெரிய காரியம்.

காற்றுதான் அடுத்தது. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. உள்ளே இருப்பதையே குளிரவைத்துச் சுற்றவிடும். சாப்பாட்டு ஹாலில் ஏசியை நிறுத்தி, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேன்களை முதல் பந்திக்கு முன்பிருந்தே ஓடவிடுங்கள். காற்று வெளியேறும் பக்கத்து ஜன்னலில் ஒரு பெடஸ்டல் ஃபேனை வெளியே பார்த்து வையுங்கள். ஆட்களைப் பார்த்து வைத்தால் ஒருவர் மூச்சு வரிசை முழுக்கப் போகும். ஹால் நடுவில் ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள். புகை ஒரு நிமிடத்துக்குள் ஜன்னல் பக்கம் இழுபட்டால் சரி. தலைக்கு மேல் அப்படியே தொங்கினால் அங்கே பந்தி வைக்காதீர்கள், முற்றத்தில் பந்தல் போடுங்கள். மூச்சுக் காற்று தேங்குவதைக் காட்டும் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது: வெளியே சுமார் 420 காட்டும், உள்ளே 800க்குள் இருந்தால் நிம்மதி, 1500ஐத் தாண்டினால் அடுத்த பந்தியை நிறுத்தி ஹாலைக் காலியாக்குங்கள்.

இலையை மேசையின் ஒரு பக்கம் மட்டும் போடுங்கள், எதிர் வரிசை வேண்டாம். பந்திக்கும் பந்திக்கும் 15 நிமிட இடைவெளி. 60 வயது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்கிறவர்கள் முதல் பந்தியில், ஜன்னலோரம். ஹால் காலியாக இருக்கும்போது அவர்கள் சாப்பிட்டுப் போய்விடட்டும்.

பரிமாறுகிறவர்களை மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு இலைக்கும் குனிந்து "சோறு போடட்டா?" என்று கேட்பவர் அவர்தான். பன்னிரண்டு பேர் என்றால், கிட் 250 ரூபாய் என்று வைத்தாலும், காலையில் எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்க 3,000 ரூபாய். தாம்பூலப் பைக்கு இதைவிடக் கூடுதலாகச் செலவாகிறது.

வாசலில் சானிடைசர், நெற்றியில் காட்டும் துப்பாக்கி வெப்பமானி இரண்டும் கண்துடைப்பு. ஏசி காரிலிருந்து இறங்கியவர் நெற்றி குளிர்ந்திருக்கும், பஸ் இறங்கி வெயிலில் நடந்தவருக்குச் சூடாக இருக்கும். இது காற்றில் பரவும் நோய்.

துட்டி (சாவு) வீட்டுக்குப் போகாம இருக்க முடியுமா?

முடியாது. போங்கள், முற்றத்தில் நில்லுங்கள். ஃப்ரீசர் பெட்டி இருக்கும் அறைக்குள் மாஸ்க்கோடு போய், பார்த்து, வெளியே வந்துவிடுங்கள். பெட்டி குளிர்ந்தால் போதும், அறையைப் பூட்ட வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்து வைப்பதால் உடலுக்கு ஒன்றும் ஆகாது. கட்டிப்பிடித்து அழுகிறவர்களைத் தடுக்கப் போகாதீர்கள். அதற்குப் பதிலாக இரவு முழுக்க ஒரே அறையில் இருபது பேர் படுப்பதைத் தவிருங்கள். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு மேலே சொன்ன பந்தி முறையே பொருந்தும்.

மண்டைக்காட்டுக் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, சிவாலய ஓட்டம்?

திறந்தவெளியில் நடப்பதால் பயந்த அளவு மோசமில்லை. சிக்கல் போய்வரும் வேனில். கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பதினான்கு பேர் இரண்டு மணி நேரம். கண்ணாடியை இறக்குங்கள்.

அரசியல் கூட்டத்தையும் சொல்ல வேண்டும். நம் தொகுதியின் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் எச். வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28 அன்று கொரோனா பாதிப்பால் காலமானார். அவர் இடத்துக்கான இடைத்தேர்தல் 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தலோடு நடந்தது. கொரோனா காலியாக்கிய தொகுதியிலேயே மாஸ்க் இல்லாத பிரசாரம். மே 21 அன்று மாநிலத்தின் ஒருநாள் தொற்று 36,184. தேர்தல் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, டெல்டா திரிபு வந்துகொண்டிருந்தது. ஆனால் அது வரும் நேரத்தில் கூட்டம் கூட்டியது எல்லாக் கட்சியும்தான்.

ஆழ்கடல் படகுல ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தா?

தூத்தூர் பக்கத்துப் படகுகள் வாரக்கணக்கில் கடலில் கிடக்கும். ஏறும் அன்று எடுத்த நெகட்டிவ் அந்த நாளுக்கு மட்டும்தான் செல்லும். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் அறிகுறி பார்த்து மறுபடி எடுக்க ஆளுக்கு இரண்டு கிட் கொண்டுபோங்கள். அதை எஞ்சின் அறையிலும் வைக்கக் கூடாது, ஐஸ் அறையிலும் கூடாது. சூட்டிலும் கெடும், உறைந்தாலும் கெடும். ஆக்சிமீட்டர், பாராசிட்டமால், ஓஆர்எஸ், என்95 பெட்டியில் இருக்கட்டும். காய்ச்சல்காரர் கேபினுக்குள் படுக்க வேண்டாம். மேல்தளத்தில், மற்றவர்களைக் கடந்து வரும் காற்று அவரைத் தாண்டிப் போகும்படி இடம் கொடுங்கள். ஆக்சிஜன் 94க்குக் கீழ் இறங்கினால் மீனைப் பார்க்காமல் திரும்புங்கள். தொலைவில் இருந்தால் விஎச்எஃப் வயர்லெஸ்ஸின் 16ஆம் சேனலில் கடலோரக் காவல் படையை அழையுங்கள். போனில் சிக்னல் கிடைத்தால் 1554.

பாசிட்டிவ் வந்தாச்சு. வீட்டுல என்ன செய்யணும்?

மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிமுறைப்படி, டெஸ்ட் நாளிலிருந்து ஏழு நாள் தனிமை. கடைசி மூன்று நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் 650, பெரியவர்களுக்கு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். கல்லீரல் நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான். கபசுரக் குடிநீர் குடிக்க விருப்பமென்றால் குடியுங்கள், டெஸ்டுக்குப் பதில் ஆகாது. மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு மட்டும் வாங்காதீர்கள். ஆக்சிஜன் இறங்காதவருக்கு அது கெடுதல். சர்க்கரை ஏறும், 2021இல் கரும்பூஞ்சைக்கு வழிவிட்டதில் அதற்குப் பங்குண்டு.

ஆக்சிமீட்டரை மருதாணி, நெயில் பாலிஷ் இல்லாத விரலில் மாட்டி, கையை ஆட்டாமல் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். பிறகு அறைக்குள்ளேயே ஆறு நிமிடம் நடந்து மறுபடி பாருங்கள். 60 தாண்டியவருக்கு மூன்று நிமிடம் போதும், ஏற்கெனவே மூச்சு முட்டுகிறவர் நடக்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் மூன்று முறை பார்த்தும் 93 அல்லது அதற்குக் கீழ், மூச்சிரைப்பு, நெஞ்சில் அழுத்தம், குழப்பமான பேச்சு, மூன்று நாள் தாண்டியும் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் — இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள்.

ஊசி போட்டாச்சே, பின்ன என்ன?

ஊசி உயிரைக் காக்கும். தொற்றையும் பரப்புவதையும் தடுக்கும் ஆற்றல் சில மாதங்களில் குறைந்துவிடும். வீட்டில் இருக்கும் எண்பது வயதுப் பாட்டிக்காகத்தான் உங்கள் மாஸ்க்.

கொரோனா இல்லேன்னு வந்துட்டு. காய்ச்சல் விடலியே?

டெங்கு, எலிக்காய்ச்சல், ஃப்ளூ மூன்றும் மழைக்காலத்தில் இங்கே உண்டு. முதல் ஐந்து நாளில் டெங்குவுக்கான என்எஸ்1 டெஸ்ட் கேளுங்கள். வயல், ஓடை, தேங்கிய நீரில் இறங்கி வேலை செய்தவர் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை புரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம்.

காய்ச்சலோட விசேஷத்துக்கு வாற சொந்தக்காரரை எப்படி வேண்டாம்னு சொல்ல?

வாசலில் வைத்துச் சொன்னால் பகைதான். மூன்று நாள் முன்பே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்: "மாமா, அத்தை, சித்தப்பா எல்லாரும் வரணும். யாருக்காவது காய்ச்சல், தொண்டைவலி இருந்தா ஒரு போன் பண்ணுங்க, சாப்பாடு வீட்டுக்குக் கொண்டு தாறோம். மொய் பிறகு வாங்கிக்கிடுதோம்." கடைசி வரியை விடாதீர்கள். மொய் செய்யாமல் போய்விட்டதாகப் பேச்சு வருமே என்றுதான் பாதிப் பேர் காய்ச்சலோடு கிளம்பி வருகிறார்கள்.

தெருவுல நாலஞ்சு வீட்டுல காய்ச்சல். யாருகிட்ட சொல்லணும்?

மூன்று வீடு ஆனதுமே கிராம சுகாதார செவிலியரிடம், அல்லது ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் சொல்லிக் காய்ச்சல் முகாம் கேளுங்கள். வாயால் சொன்னால் மறக்கும், ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: தெருப் பெயர், காய்ச்சல் வந்த வீடுகள், ஆட்களின் வயது, முதல் காய்ச்சல் வந்த தேதி, அந்த வாரம் தெருவில் நடந்த விசேஷம். நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். இரண்டு நாளில் யாரும் வரவில்லையென்றால் 104இல் புகார் சொல்லி, அந்த நகலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுங்கள்.